டப்பாவின் அடியில் இருந்த எண்

அந்தத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவர்களுக்குத் தராசக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. தராசு என்று பெயர் வைத்தவர் கூடத்தின் செயலாளர். கூட்டிப் பெருக்க வந்தவள், தரையில் சிந்திக் கிடந்த குண்டுகளை அள்ளும்போது விரலில் உருட்டிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம் கோணல் ஒரு பக்கம் என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். அவர் நம்பாமல் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் மாத்திரைக் கம்பெனியில் உடைந்த மாத்திரை பொறுக்கின விரல் அது. மறுநாளே விளக்குமாறு வேறொருவர் கைக்குப் போனது. பொருள் அறைச் சாவி இவள் இடுப்புக்கு வந்தது.

பொருள் அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். ஒரு மேசை, ஒரு குழல் விளக்கு, மூடி போட்ட சின்ன எலெக்ட்ரானிக் தராசு, குண்டைப் பிடித்தெடுக்க ஒரு சாமணம், முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அதில் அவள் வைத்ததுதான் சட்டம். செயலாளரே கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

அங்கே சுடுவது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு, அதன் நடுவில் ஒரு புள்ளி. குண்டு மிளகைவிடக் கொஞ்சம் பெரிது; ஈயம். தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். சுடுகிறவர்களும் அதைப் பாவாடை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாவாடை ஒரு நூல் நசுங்கியிருந்தால் போதும், குண்டு காற்றில் தள்ளாடிவிடும். பத்துக்குப் போக வேண்டியது ஒன்பதில் விழும். ஒரு பந்தயத்துக்கு அறுபது குண்டு; நட்டநடுவில் விழுந்தால் ஒன்றுக்குப் பத்து புள்ளி ஒன்பது வரை கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு உண்டு. ஒன்றுக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காது. டப்பாவின் அடியில் ஒரு எண் போட்டிருப்பார்கள். எந்த எந்திரத்தில், எந்த வார்ப்பில் அடித்த குண்டு என்பதற்கு அதுதான் ஜாதகம். துப்பாக்கியை மேசையில் இறுக்கிக் கட்டி, ஒரு எண்ணிலிருந்து பத்துக் குண்டு எடுத்து ஒரே அட்டையில் சுடுவார்கள். பத்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாக விழுந்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு அந்த எண்ணில் எத்தனை டப்பா கிடைக்குமோ அத்தனையும் வாங்கி அடுக்கிவிடுவார்கள். பல வருஷத்து வழக்கம் இது. எண் ஒன்று என்றால் குண்டும் ஒன்று. அதில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

தராசின் நாத்தனாருடைய துப்பாக்கி அந்தக் கூடத்திலேயே பெரிய அடம். ஆறு எண்ணைத் துப்பிவிட்டு ஏழாவதைத்தான் ஏற்றுக்கொண்டது. நாத்தனார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடை முடிந்ததும் சீருடையோடு வந்து நின்றாள் என்றால், மாலை நடைக்கு மணி ஆகிற வரை சுடுவாள். நாற்பது பிள்ளைகள் பின்னால் கத்தும்போது நடுங்காத கை, அமைதியான கூடத்தில் நடுங்குமா? ஆறு மாதமாக அறுநூற்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று போட்டுக்கொண்டிருந்தாள். அணியில் நான்கு இடம். இரண்டு தேர்வு வைப்பார்கள். ஏதாவது ஒன்றில் அறுநூற்று இருபதைத் தொட்டால் இடம். அடுத்த வருஷம் அவளுக்கு நாள் முழுக்க ஓடுகிற வண்டி மாற்றிக் கொடுக்கப் போகிறார்கள். அதன் பிறகு பயிற்சியும் இல்லை, பந்தயமும் இல்லை. வந்தால் இந்த வருஷம்.

அதனால் தராசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஆறு மாதப் பயிற்சியில் பழைய டப்பாக்கள் தீர்ந்துபோக, ஏழாவது எண்ணிலேயே புதிதாக இருபது டப்பா வரவழைத்தாள். ஒன்றைப் பிரித்து, சுட்டுப் பார்த்து, குண்டு குண்டாக நிறுத்தாள். முத்து மாதிரி இருந்தது. மிச்சம் பத்தொன்பதையும் ஒட்டின நாடா பிரியாமல் அலமாரியில் அடுக்கிப் பூட்டினாள். காற்றுப் பட்டால் ஈயம் வெளுத்துப் போகும் என்பது ஒரு காரணம். பந்தய டப்பாவைப் பந்தய இடத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று நாத்தனார் பிடித்த பிடிவாதம் இன்னொன்று. எண் ஒன்றாயிருக்கும்போது பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

பார்த்திருக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று வருஷமாகவே இந்தச் சாமான் செய்கிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கை நழுவிக்கொண்டிருந்தார்கள். சுடும்போது போடுகிற கனத்த சட்டை வந்தது. முதல் நாளே பொத்தான் கையோடு வந்தது. இலக்கு அட்டை வந்தது. குண்டு பட்டால் ஓட்டை விழாமல் அப்பளம் மாதிரி கிழிந்தது. துப்பாக்கியில் மாட்டுகிற காற்று உருளையின் அளவு முள், உருளை காலியான பிறகும் நிறைந்திருக்கிறது என்று சத்தியம் செய்தது. கேட்டால், புது மாடல் என்பார்கள். பழையதைக் கொடுங்கள் என்றால், அது இப்போது வருவதில்லை என்பார்கள். குண்டுக் கம்பெனி மட்டும்தான் யோக்கியம் என்று தராசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குத்தான் பிறகு பதில் சொல்ல வேண்டி வந்தது.

முதல் தேர்வன்று நாத்தனார் சுடுமிடத்தில் நின்று நாடாவைக் கிழித்து டப்பாவைத் திறந்தாள். பின்வரிசை நாற்காலியில் தராசு. திரையில் பத்து புள்ளி ஐந்து விழுந்தது. பத்து புள்ளி ஆறு. அப்புறம் ஒன்பது புள்ளி மூன்று. நாத்தனார் துப்பாக்கியை இறக்கி, தோளை உதறி, மறுபடி ஏற்றினாள். பத்து புள்ளி நான்கு. ஒன்பது புள்ளி ஒன்று. அடுப்பில் வைத்த பாத்திரத்தைத் தொடமுடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி தராசு உட்கார்ந்திருந்தாள். முடிந்தபோது அறுநூற்றுப் பதினொன்று புள்ளி மூன்று.

நாத்தனார் பெட்டியை மூடிவிட்டு நேராக வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"டப்பாவைப் பாத்தீங்களா அண்ணி?"

"அதே எண்ணுதான். நானே ரெண்டு தடவ பாத்தேன்."

"நான் எண்ணைக் கேக்கல."

அந்த ஒரு வார்த்தைதான். அதன் பிறகு வாரக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லை. நாத்தனார் தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். தராசின் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்; திறக்காத பூட்டு எத்தனையோ பார்த்தவர். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கை, நடுவில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்று ஒருமுறை வாயைத் திறந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த பார்வையில் தண்ணீர் கேட்க வந்தவர் போல நடித்துவிட்டார்.

தராசு மறுநாள் காலையிலேயே அந்தப் பந்தய டப்பாவைக் கண்ணாடியில் கொட்டினாள். நிறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியைச் சாய்த்து உருட்டினால் நல்ல குண்டு ஒழுங்காக வளைந்து ஒரே பாதையில் ஓடும். இது கல்யாண வீட்டிலிருந்து ஆளாளுக்கு ஒரு பக்கம் கிளம்பின மாதிரி போனது. பாதிக்குப் பாவாடை நசுங்கல். சிலதின் உள்ளே ஈயத் துருவல். டப்பாவைத் திருப்பினாள். எண் அதே எண்தான். ஆனால் ஒட்டின காகிதம் கொஞ்சம் தடிமனாகப் பட்டது. நகத்தால் நெருடினாள். மேல் காகிதம் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு காகிதம். அதில் வேறொரு எண்.

அலமாரியில் இருந்த மற்றதையும் எடுத்து நெருடினாள். பதினெட்டும் அப்படியே. இருபதில் சரியான டப்பா ஒன்றே ஒன்றுதான். அவள் சுட்டுப் பார்த்துத் தீர்த்த அந்த முதல் டப்பா. மாத்திரைக் கம்பெனியில் இருந்தபோது, அட்டைப் பெட்டியை நம்பாதே, மாத்திரையைப் பார் என்று நாளைக்கு நாலு தடவை மற்றவர்களுக்குச் சொன்னவள் அவள். அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எந்திரம் பேசியது. துப்பாக்கி வாங்க ஒன்றை அழுத்தவும், துப்பாக்கி பழுதுக்கு இரண்டை அழுத்தவும், உடை, காலணிக்கு மூன்று. குண்டுக்கு எண்ணே இல்லை. இரண்டை அழுத்தினாள். பாட்டு வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே முந்நூறு குண்டு பொறுக்கி முடித்தாள். பிறகு ஒரு பெண் வந்து, துப்பாக்கியின் வரிசை எண் என்ன என்றாள். துப்பாக்கி வேறு கம்பெனி, குண்டுதான் உங்களுடையது என்றாள் இவள். துப்பாக்கி எண் இல்லாமல் புகாரைப் பதிய முடியாது என்றாள் அவள். அப்படியே இணைப்பும் போய்விட்டது.

செயலாளரைப் பிடித்து உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொன்னாள். டப்பாவின் அடியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அனுப்பினார்கள். அதற்கு வந்த பதிலைச் செயலாளர் இரண்டு முறை வாசித்தார், தப்பாக வாசித்துவிட்டோமோ என்று. "தாங்கள் அனுப்பிய படத்தில் எண் சரியாக உள்ளது. எனவே பொருளும் சரியாக உள்ளது." மேல் காகிதத்தை உரித்து, அடியில் இருக்கிற எண்ணைப் படமெடுத்து மறுபடி அனுப்பினார்கள். லேபிள் சேதப்படுத்தப்பட்டிருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது.

தராசுக்குச் சிரிப்பு வந்தது. விடவில்லை. ஒரு முழு டப்பாவைப் பொட்டலம் கட்டி அனுப்பினாள். அது வந்து சேரவில்லை என்றார்கள். வாங்கினவர் கையெழுத்தைக் காட்டினாள். வந்தது, ஆனால் வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்றார்கள். யார் அனுமதித்தது என்று எழுதச் சொன்னாள். செயலாளர் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதினார். அதற்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது. ஆவலோடு பிரித்தால் உள்ளே ஒரு தொப்பி. கம்பெனி பெயர் போட்டது. கூடவே ஒரு சீட்டு: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

"தொப்பி நல்லாத்தான் இருக்கு" என்றார் செயலாளர், பாவம்.

"நீங்களே போட்டுக்கோங்க. உங்க தலைக்கு அது போதும்" என்றாள் தராசு.

இரண்டாம் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு கம்பெனிக் குண்டுகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். துப்பாக்கி எல்லாவற்றையும் துப்பியது. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. கையில் பதினேழு டப்பா; டப்பாவுக்கு ஐந்நூறு. அத்தனையையும் கொட்டி, ஒவ்வொன்றாக உருட்டி, நிறுத்து, நல்லதைப் பொறுக்க வேண்டும். எட்டாயிரத்து ஐந்நூறு. குழல் விளக்கைப் போட்டாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள், உட்கார்ந்தாள்.

பொறுக்க உட்கார்ந்த ஐந்தாம் நாள் மதியம் கதவு திறந்தது. தட்டாமல் வந்தது நாத்தனார். சீருடையில் பேருந்துத் தூசி. மேசையையும், குவியல்களையும், அண்ணியின் சிவந்த கண்ணையும் பார்த்தாள். எதிரில் ஒரு கவிழ்த்த பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் உருட்டறேன். நீங்க நிறுங்க. ரெண்டு பேர் பாத்தா சீக்கிரம் முடியும்."

"சுடுற கையை வெச்சு இதப் பண்ணாத. விரல் மரத்துப் போயிடும்."

"பேசாம இருந்த இத்தன வாரத்துல எல்லாமே மரத்துத்தான் போச்சு அண்ணி. நிறுங்க."

அவ்வளவுதான் சமாதானம். அதன் பிறகு தினமும் மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பேச்சும் திரும்பி வந்தது. கம்பெனிக்காரன் வீட்டில் பெண்டாட்டிக்குச் சேலை எடுக்கும்போதும் மேல் காகிதத்தைத்தான் மாற்றி ஒட்டுவானோ என்று நாத்தனார் கேட்டாள். அவன் வீட்டில் அவனையே யாராவது மாற்றி ஒட்டியிருப்பார்கள் என்றாள் தராசு.

எட்டாயிரத்து ஐந்நூறில் தேறியது நூற்று முப்பத்தொன்று. இப்போது ஒரு சங்கடம். நல்லதா என்று தெரிய வேண்டுமானால் சுட வேண்டும், சுட்டால் தீர்ந்துவிடும். பத்து மட்டும் சுட்டார்கள். அட்டையில் ஒரே ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தராசு சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள், குழந்தைக்குப் பல் முளைத்ததைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. மிச்சம் நூற்று இருபத்தொன்றைப் பஞ்சு வைத்த பெட்டியில், ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கினாள்.

இரண்டாம் தேர்வு நடந்த அரங்கின் முன்கூடத்தில் கடை விரித்திருந்தவர்களில் அந்தக் கம்பெனியும் இருந்தது. பளபளவென்று மேசை, கழுத்துப் பட்டை கட்டின ஒரு ஆள், அடுக்கின டப்பாக்கள். நாத்தனார் உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தராசு அங்கே போய் நின்றாள். பையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"ஒரு டப்பாவைப் பிரிங்க தம்பி."

வாங்கப் போகிறாள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே பிரித்தார். அவள் ஒரு பிடி எடுத்து உருட்டினாள். குண்டுகள் திசைக்கு ஒன்றாக ஓடின. இரண்டு மேசையைவிட்டே குதித்தன. வரிசையில் நின்ற நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் பையிலிருந்த டப்பாவை எடுத்து அடியை நெருட ஆரம்பித்தார். மேல் காகிதம் உரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அந்த ஆள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புகார்ப் படிவம் ஒன்றை நீட்டினார். இது மாதிரி ஏழு நிரப்பிவிட்டேன் என்றாள் தராசு. மேலிடத்தில் பேசுகிறேன் என்று சொல்லித் தன் போனை எடுத்தார். காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் ஒன்றை அழுத்தியது. பிறகு இரண்டை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்களுக்கும் அதே நம்பர்தானா தம்பி?"

அவர் போனை இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தரம் பாக்குற பிரிவையே மூடிட்டாங்கம்மா. வர்றத ஒட்டி அனுப்பறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

இத்தனை மாதத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

நாத்தனார் இருபத்தைந்து குண்டு பழகச் சுட்டாள். பிறகு கணக்கு ஆரம்பித்தது. பத்து புள்ளி நான்கு, பத்து புள்ளி ஐந்து, பத்து புள்ளி மூன்று. நாற்பது வரை ஒரு ஒன்பதுகூட இல்லை. தராசு மூச்சை அவளோடு சேர்த்து விட்டாள், அவளோடு சேர்த்து அடக்கினாள். நாற்பத்தேழாவதில் திரை ஒன்பது புள்ளி இரண்டு என்று காட்டியது. நாத்தனார் தலையைத் திருப்பவில்லை. அடுத்தது பத்து புள்ளி ஆறு. கடைசி வரை பத்துதான்.

கூட்டினால் அறுநூற்றுப் பத்தொன்பது புள்ளி எட்டு. ஐந்தாம் இடம். நான்கு பேரில் யாராவது வராவிட்டால் கூப்பிடுவோம், ஒரு மாதம் தயாராக இருங்கள் என்று சொல்லிக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் துப்பாக்கிப் பெட்டி இரண்டு பேர் மடியிலும் குறுக்கே கிடந்தது. பாதி தூரத்தில் நாத்தனார்தான் ஆரம்பித்தாள், அந்த நாற்பத்தேழு தன் கைதான் என்று. இல்லை, தான் பொறுக்கினதில் ஒன்று தப்பிவிட்டது என்றாள் தராசு. தோள் லேசாக நகர்ந்தது என்றாள் அவள்.

"நகந்திருந்தா நீ இறக்கி வெச்சிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லாத."

"சமாதானம் இல்ல அண்ணி. நெஜமாவே தெரியல." நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முன்னெல்லாம் ஒம்பது விழுந்தா, விழுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், எங்க தப்புனேன்னு. அடுத்த குண்டுல திருத்திக்குவேன். இப்ப ஒம்பது விழுந்தா முதல்ல டப்பாவத்தான் பாக்குறேன். என் கையோட தப்பைக்கூட எனக்குச் சொந்தமா விடல அவங்க."

தராசு பெட்டியைத் தன் மடிப் பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொண்டாள், கனம் அவளுக்கு விழாதபடி.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் காத்திருந்தார். மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே போச்சு அந்தப் புள்ளி இரண்டு என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை தராசு பஞ்சுப் பெட்டியைத் திறந்து எண்ணினாள். மிச்சம் முப்பத்தாறு. கூப்பிட்டால் அறுபது வேண்டும், அந்த ஒரு மாதமும் பழகச் சுட அதற்கு மேல் வேண்டும். துப்பாக்கி வேறு குண்டைத் தொடாது. அதனால் கேட்க வேண்டிய இடமும் அதே இடம்தான். செயலாளரைக் கூப்பிட்டுக் கம்பெனிக்கு எழுதச் சொன்னாள். அவர் படிவத்தைத் திறந்து, எந்த எண் என்று போடட்டும் என்றார்.

"எந்த எண்ணு வேணாலும் ஒட்டி அனுப்பச் சொல்லுங்க. முப்பது டப்பா."

வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தாள். "முப்பது போதுமா அண்ணி?"

தராசு மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு நூற்று முப்பத்தொன்று.

"நாப்பதுன்னு போடுங்க சார்" என்றாள்.